உடலை அசைத்து ஆடும் வீடியோ கேம் உடற்பயிற்சிக் கணக்கில் வருமா?

#1 மாலைத்தென்றல்

எல்லோருக்கும் வணக்கம். நாள் முழுக்க உட்கார்ந்து செய்யும் வேலை எனக்கு. சமீபத்திய ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று வந்தது. இப்போதைக்கு மாத்திரை வேண்டாம், உடற்பயிற்சியை ஆரம்பியுங்கள் என்று மருத்துவர் சொல்லி அனுப்பினார்.

ஜிம் எனக்கு ஒத்துவரவில்லை. நாலு பேர் பார்க்கிறார்கள் என்ற நினைப்பிலேயே பாதி உடம்பு சுருங்கிவிடுகிறது. அதனால் வீட்டிலேயே நிண்டெண்டோ சுவிட்ச் என்ற கேம் கருவியில் ரிங் ஃபிட் அட்வெஞ்சர் ஆடுகிறேன். வளையத்தைக் கையில் பிடித்து அமுக்கி இழுக்க வேண்டும், தொடையில் பட்டை கட்டிக்கொண்டு நின்ற இடத்திலேயே ஓட வேண்டும். ஆடி முடித்தால் நன்றாக வேர்க்கிறது. மனதுக்கும் பிடித்திருக்கிறது.

ஆனால் தினமும் ஓடும் என் தோழி, "இதெல்லாம் விளையாட்டு, இதை நம்பி உட்காராதே" என்கிறாள். வாரத்துக்கு 150 நிமிடம் என்று எல்லோரும் சொல்கிறார்களே, அந்தக் கணக்கில் இதைச் சேர்க்கலாமா? என் மகளுக்கு 11 வயது, அவளும் கூடவே ஆடுகிறாள். அவளுக்கு இது போதுமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 சிறுத்தைக்குட்டி

வேர்க்கிறது, மூச்சு வாங்குகிறது, மறுநாள் தொடை வலிக்கிறது. இது பயிற்சி இல்லையென்றால் வேறு எது? தாராளமாகத் தொடருங்கள் அக்கா.

#3 ஓட்டக்காரன்

நான் உங்கள் தோழியின் பக்கம். வேர்வை ஓர் அளவுகோலே இல்லை. மூடிய அறையில் சும்மா நின்றாலும் வேர்க்கும்.

இந்த வகை விளையாட்டுகள் வந்தபோதெல்லாம் இதே பேச்சுதான் நடந்தது. 2006-இல் நிண்டெண்டோவின் வீ என்ற கேம் கருவி வந்தது, அதில் வீ ஸ்போர்ட்ஸ் ஆடினால் போதும், குழந்தைகளின் எடை குறையும் என்றார்கள். அடுத்த வருடமே லிவர்பூலில் பதின்வயதுப் பிள்ளைகளை ஆடவைத்து அளந்து, பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் முடிவை வெளியிட்டார்கள். உட்கார்ந்து ஆடும் கேமை விட அதிக ஆற்றல் செலவானது உண்மை. ஆனால் நிஜமான டென்னிஸ், நிஜமான குத்துச்சண்டைக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. அந்த வயதுக்குத் தினமும் தேவையான பயிற்சியில் இதைச் சேர்த்துக்கொள்ள முடியாது என்றுதான் எழுதினார்கள்.

காரணம் எளிது. வீ கண்ட்ரோலருக்குள் இருப்பது முடுக்கத்தை அளக்கும் சென்சார். உங்கள் கால் நகர்ந்ததா, இடுப்பு திரும்பியதா என்று அதற்குத் தெரியாது. மணிக்கட்டைச் சுண்டினால் பந்து பறக்கும். ஆட ஆட மனிதர்கள் இதைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். முதல் நாள் முழு உடம்பையும் வீசி ஆடியவர், பழகிய பிறகு சோபாவில் சாய்ந்துகொண்டே ஜெயிப்பார்.

#4 தரவுப்பிரியன்

ஓட்டக்காரன் சொல்வது வீ ஸ்போர்ட்ஸுக்குப் பொருந்தும். அதை எல்லா கேம்களுக்கும் நீட்டக் கூடாது. எண்களைப் பார்த்துப் பேசுவோம்.

உடற்பயிற்சியின் கடுமையை மெட் என்ற அலகில் சொல்வார்கள். சும்மா உட்கார்ந்திருந்தால் 1 மெட். 3-க்குக் கீழே இருந்தால் லேசான அசைவு. 3 முதல் 6 வரை மிதமானது. அதற்கு மேல் கடுமையானது. வேகமாக நடந்தால் 4-ஐ ஒட்டி வரும். மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் ஓடினால் 8-ஐத் தாண்டும்.

2010-இல் ஜப்பானில் ஓர் ஆய்வு வந்தது. பெரியவர்களை மூச்சுக் காற்றின் மாற்றத்தை அளக்கும் அடைத்த அறைக்குள் வைத்து, வீ ஸ்போர்ட்ஸ், வீ ஃபிட் பிளஸ் இரண்டிலும் உள்ள 68 செயல்களை ஒவ்வொன்றாக ஆடவைத்து அளந்தார்கள். கோல்ஃப் 2, பவுலிங் 2.6, டென்னிஸும் பேஸ்பாலும் 3, குத்துச்சண்டை 4.2. மொத்தத்தில் மூன்றில் இரண்டு பங்கு செயல்கள் லேசானவை, மூன்றில் ஒரு பங்கு மிதமானவை. கடுமையான பிரிவில் ஒன்றுகூட இல்லை.

இதைப் படித்துவிட்டு "பார்த்தீர்களா, ஒன்றுமில்லை" என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அந்த மூன்றில் ஒரு பங்குதான் கண்ணில் படுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல் பெரியவர்களுக்குக் கேட்பது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பு, அல்லது 75 முதல் 150 நிமிடக் கடுமையான உழைப்பு. அந்த உழைப்பு எங்கே நடந்தது என்று அது கேட்பதில்லை. 4 மெட்டில் வேகநடை நடந்தாலும், 4 மெட்டில் திரைக்கு முன் குத்துவிட்டாலும் நிமிடக் கணக்கில் இரண்டும் ஒன்றே.

ஒரு எச்சரிக்கை மட்டும். கேம் திரையில் காட்டும் கலோரியை அப்படியே நம்பாதீர்கள். 70 கிலோ எடையுள்ளவர் 4 மெட்டில் அரை மணி நேரம் ஆடினால் ஏறக்குறைய 140 கலோரி. ஆனால் அந்த அரை மணியில் சும்மா உட்கார்ந்திருந்தாலும் 35 செலவாகியிருக்கும். ஆடியதால் கூடியது நூறு சொச்சம்தான். எடை குறைய இது மட்டும் போதாது, சாப்பாட்டையும் பார்க்க வேண்டும். சர்க்கரைக் கட்டுப்பாட்டின் கதை வேறு. தசை வேலை செய்யும்போது ரத்தத்தில் இருக்கும் குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும். எடை குறையாவிட்டாலும் அந்தப் பலன் கிடைக்கும்.

#5 ஓட்டக்காரன்

நிமிடக் கணக்கு ஒன்றுதான், சரி. ஆனால் நடக்க இறங்கினால் அரை மணியும் நடைதான். கேமில் அரை மணி என்றால் அதில் மெனுவைத் தேடுவது, கதை பார்ப்பது, அடுத்த கட்டம் திறக்கக் காத்திருப்பது எல்லாம் சேர்ந்தது. உடம்பு அசைந்த நேரத்தை மட்டும் கூட்டிப் பாருங்கள். கணக்கு சுருங்கிவிடும்.

#6 இருகைவாள்

ஓட்டக்காரன் அண்ணா பழைய கேம்களிலேயே நின்றுவிட்டார். வீ வந்து எத்தனையோ காலம் ஆகிறது. இப்போது வி.ஆர். ஹெட்செட்டை, அதாவது சுற்றிலும் கேம் உலகத்தையே காட்டும் கண்ணாடியை, மாட்டிக்கொண்டு ஆடுவது வேறு உலகம்.

நான் ஆடுவது த த்ரில் ஆஃப் த ஃபைட், 2016-இல் வந்த குத்துச்சண்டை கேம். எதிராளி உங்கள் முகத்துக்கு நேரே வந்து நிற்பான். மணிக்கட்டைச் சுண்டினால் அவனுக்கு உறைக்காது, தோளிலிருந்து வீசி அடித்தால்தான் வேலைக்காகும். அவன் குத்தும்போது உடம்பைச் சாய்த்துக் குனிந்து விலக வேண்டும். ஒரு ரவுண்டு முடிந்து மணி அடிக்கும்போது பேச்சே வராது. பாட்டுக்கேற்ப பறந்து வரும் கட்டைகளை வாளால் வெட்டும் பீட் சேபர் கேமில் எளிய நிலையில் ஆடினால் கை மட்டும்தான் ஆடும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கடினமான நிலையில், சுவர்கள் வரும் பாட்டாகத் தேர்ந்தெடுத்தால் குனிந்து எழுந்து தொடை கதறும்.

என் கைக்கடிகாரத்தில் இதயத் துடிப்பு 160 வரை போகிறது. மெதுவாக ஓடும்போதுகூட எனக்கு அவ்வளவு வருவதில்லை. அப்படியானால் ஓட்டத்தை விட இது மேல் என்றுதானே அர்த்தம்?

#7 பிசியோ_அகிலா

நான் பிசியோதெரபிஸ்ட். இருகைவாள் கேட்ட கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன், ஏனென்றால் நிறையப் பேர் இங்கேதான் தடுமாறுகிறார்கள்.

இதயத் துடிப்பு ஏறியது என்பதாலேயே உடல் அதே அளவு உழைத்தது என்று ஆகாது. கைகளால் செய்யும் வேலைக்கும் கால்களால் செய்யும் வேலைக்கும் வித்தியாசம் உண்டு. உடல் ஒரே அளவு ஆக்சிஜனைச் செலவழித்தாலும், கை வேலையின்போது இதயம் கூடுதலாகத் துடிக்கும், ரத்த அழுத்தமும் கூடுதலாக ஏறும். கையில் இருப்பது சிறிய தசைகள், தொடையிலும் பிட்டத்திலும் இருப்பது பெரிய தசைகள். போதாததற்கு, வி.ஆரில் ஒருவன் முகத்துக்கு நேரே குத்த வரும்போது வரும் பரபரப்பும் துடிப்பை ஏற்றும். அந்தப் பங்கு உழைப்பிலிருந்து வந்ததில்லை. மணிக்கட்டில் கட்டும் கடிகாரமும் கையை இறுக்கி வீசும்போது சரியாகக் காட்டாது. துடிப்பை நம்ப வேண்டுமென்றால் மார்பில் கட்டும் பட்டை நல்லது.

அதற்காக உங்கள் குத்துச்சண்டை வீண் என்று சொல்லவில்லை. பேச்சு வராத அளவுக்கு மூச்சு வாங்குகிறது என்றீர்களே, அதுவே நல்ல அடையாளம். ஓட்டத்தை விட மேலா என்பதை மட்டும் 160 என்ற எண்ணை வைத்து முடிவு செய்ய வேண்டாம்.

எந்த கேமைப் பார்த்தாலும் நான் கேட்கும் முதல் கேள்வி, கால் வேலை செய்கிறதா என்பது. 1998-இல் வந்த டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷனை எடுத்துக்கொள்ளுங்கள். திரையில் வரும் அம்புக்குறிக்கு ஏற்ப விரிப்பில் மிதிக்க வேண்டும். அதில் ஏமாற்றவே முடியாது, கால் போய்த்தான் ஆக வேண்டும். திறமை கூடக் கூட வேகமான பாட்டுக்குப் போவார்கள், உழைப்பும் கூடும். வீ டென்னிஸில் இதற்கு நேர்மாறு, திறமை கூடினால் அசைவு குறையும். ஒரு கேம் நல்ல பயிற்சியா இல்லையா என்பது பெரும்பாலும் இந்த இடத்திலேயே தெரிந்துவிடும்.

ரிங் ஃபிட்டில் ஓட்டம், முழங்காலை மடக்கி உட்கார்ந்து எழும் ஸ்குவாட் எல்லாம் தொடையில் கட்டிய சென்சாரால் பார்க்கப்படுகின்றன. அதனால் மாலைத்தென்றல் தேர்ந்தெடுத்தது நல்ல கேம் என்றே சொல்வேன்.

#8 மழலைவீடு

பிள்ளைகளைப் பற்றி யாராவது பேசுங்களேன். என் மகனுக்கும் இப்படி ஒன்று வாங்கிக் கொடுத்தோம். முதலில் விழுந்து விழுந்து ஆடினான். இப்போது தூசி படிந்து கிடக்கிறது, அவன் பழையபடி உட்கார்ந்து ஆடும் கேமுக்கே போய்விட்டான்.

#9 தரவுப்பிரியன்

உங்கள் வீட்டில் நடந்ததற்குக் கிட்டத்தட்ட ஆய்வே இருக்கிறது. அமெரிக்காவின் ஹூஸ்டனில் 9 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு வீ கொடுத்தார்கள். பாதிப் பேருக்கு உடலை அசைத்து ஆடும் கேம்கள், மீதிப் பேருக்கு உட்கார்ந்து ஆடும் கேம்கள். எவ்வளவு ஆட வேண்டும் என்று எதுவும் சொல்லவில்லை. இடுப்பில் கருவி கட்டி மூன்று மாதம் போல அளந்தார்கள். இரண்டு குழுவுக்கும் உடல் அசைவில் வித்தியாசம் இல்லை. 2012-இல் பீடியாட்ரிக்ஸ் இதழில் வந்தது.

இதற்கு நேர் எதிர் என்று சொல்ல முடியாது, ஆனால் வேறு திசையில் நியூசிலாந்தில் ஒன்று நடந்தது. எடை கூடியிருந்த 322 பிள்ளைகள், 24 வாரம், உடல் அசைவைக் கேமராவால் பார்க்கும் சோனியின் ஐடாய் கேம்கள். ஆடிய குழுவில் உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு கொஞ்சம் நல்ல பக்கம் நகர்ந்தது. மிகச் சிறிய மாற்றம்தான். அங்கே பிள்ளைகளை ஊக்கப்படுத்தி, உட்கார்ந்து ஆடுவதற்குப் பதிலாக இதை ஆடச் சொன்னார்கள்.

நான் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பது இப்படி: பெட்டியை வாங்கி வைத்தால் மட்டும் ஒன்றும் நடக்காது. பெரியவர்கள் கூட நின்று ஆட வேண்டும், எதற்குப் பதிலாக ஆடுகிறார்கள் என்றும் பார்க்க வேண்டும். உட்கார்ந்து ஆடும் நேரத்துக்குப் பதிலாக இது வந்தால் லாபம். வெளியே ஓடிப் பிடித்து விளையாடும் நேரத்தை இது தின்றால் நஷ்டம். 5 முதல் 17 வயது வரை தினமும் சராசரியாக 60 நிமிடம் மிதமானது முதல் கடுமையானது வரை தேவை. அதில் ஒரு பகுதியை மட்டும் கேமிடம் விடுங்கள்.

#10 மாலைத்தென்றல்

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு பேர் பொறுமையாக எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. மகள் மாலையில் வெளியே விளையாடுகிறாள், கேம் இரவில் கொஞ்ச நேரம்தான். அதனால் அந்தக் கவலை தீர்ந்தது.

என் விஷயத்துக்கு வருகிறேன். மெட் அளக்க என்னிடம் கருவி இல்லை. ஆடி முடித்ததும் கண்ட்ரோலரில் கட்டைவிரலை வைத்தால் நாடித் துடிப்பு காட்டுகிறது, அதைப் பார்த்துக்கொள்ளலாமா? மிதமானதா லேசானதா என்று வீட்டிலேயே எப்படித் தெரிந்துகொள்வது, அகிலா மேடம்?

#11 பிசியோ_அகிலா

அந்த நாடிக் கணக்கை ஓரளவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். ஆட்டம் நின்ற பிறகு அளக்கிறது, அதற்குள் துடிப்பு இறங்கத் தொடங்கியிருக்கும்.

எளிய வழி, பேசிப் பார்ப்பது. ஆடிக்கொண்டிருக்கும்போதே மகளிடம் நாலு வார்த்தை பேசுங்கள். பேசவும் முடிகிறது, பாடவும் முடிகிறது என்றால் லேசானது. பேச முடிகிறது ஆனால் பாட முடியவில்லை என்றால் மிதமானது. இரண்டு மூன்று வார்த்தைக்கு ஒருமுறை மூச்சுக்கு நிற்க வேண்டியிருந்தால் கடுமையானது. உங்களுக்குக் குறி நடுவில் இருப்பது. அந்த நிலையில் இருந்த நிமிடங்களை மட்டும் எழுதி வையுங்கள். ஓட்டக்காரன் கேட்ட மெனு நேரமும் கதை நேரமும் தானாகக் கழிந்துவிடும்.

லேசாக இருந்தால் கேமுக்குள்ளேயே கடின அளவைக் கூட்டுங்கள். ரிங் ஃபிட்டில் 30 வரை போகலாம். உடம்பு பழகிவிட்டால் அதே அளவு உழைப்பு போதாமல் போகும், அதனால் அவ்வப்போது கூட்டிக்கொண்டே வர வேண்டும்.

#12 நடைப்பிரியை

ஆர்வம் எவ்வளவு நாள் நிற்கும் என்பதைப் பற்றி ஒரு விஷயம். 2016-இல் ஃபோனோடு வெளியே நடந்து ஆடும் போகிமான் கோ வந்தபோது ஊரெல்லாம் நடந்ததே, நினைவிருக்கிறதா? அதை நிறுவியவர்களின் காலடிக் கணக்கை ஃபோன்களிலிருந்து எடுத்துப் பார்த்தார்கள். முதல் வாரம் தினமும் சராசரியாக 955 காலடி கூடியது. பிறகு வாரம் தோறும் இறங்கி, ஆறாவது வாரத்தில் பழைய நிலைக்கே வந்துவிட்டது.

புதுமைதான் இந்த கேம்களின் எரிபொருள். அது தீர்ந்தால் என்ன செய்வது என்று முதலிலேயே யோசித்து வைப்பது நல்லது. நான் கேமை மாற்றிக்கொண்டே இருக்கிறேன். ஒன்று சலித்தால் நடனம், அது சலித்தால் குத்துச்சண்டை.

#13 ஓட்டக்காரன்

சலிப்பு ஓட்டத்திலும் உண்டு, ஜிம்மிலும் உண்டு. இந்த ஒரு விஷயத்தில் கேமை மட்டும் குறை சொல்ல மாட்டேன். பணம் கட்டிவிட்டுப் போகாதவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

#14 இரட்டைச்சக்கரம்

யாரும் ஸ்விஃப்டைப் பற்றிப் பேசவில்லையே? 2014-இல் வந்தது. நிஜமான சைக்கிளை வீட்டில் டிரெய்னர் என்ற தாங்கியில் மாட்டுவோம். திரையில் மேடு வந்தால் பெடல் இறுகும். நீங்கள் மிதிக்கும் வாட் கணக்குதான் திரையில் உங்கள் வேகம். மிதிக்காவிட்டால் நின்ற இடத்திலேயே நிற்பீர்கள். சர்வதேச சைக்கிள் கூட்டமைப்பே 2020 டிசம்பரில் இதில் உலக சாம்பியன்ஷிப் நடத்தியது.

இது வீடியோ கேமா? திரை இருக்கிறது, புள்ளி இருக்கிறது, எதிராளி இருக்கிறார், கேம்தான். இது பயிற்சியா? ஒரு பந்தயம் முடித்துவிட்டு இறங்கிப் பாருங்கள், கால் நடுங்கும். கேம் என்ற ஒரே பெயரில் பவுலிங்கையும் இதையும் போட்டு அடைத்துவிட்டு, நல்லதா கெட்டதா என்று கேட்பதால்தான் இந்தப் பேச்சு முடியாமல் இழுக்கிறது.

#15 பெரியவர்67

இளையவர்கள் பேசுவதைப் படித்துக்கொண்டிருந்தேன். என் வயதுக்காரர்களுக்காக ஒரு வார்த்தை. நான் மகன் வைத்துவிட்டுப் போன பழைய வீ ஃபிட் பலகையில் ஏறி நின்று ஆடுகிறேன். உடல் எடையை எந்தப் பக்கம் சாய்க்கிறேன் என்று திரையில் புள்ளியாகத் தெரியும். 2 மெட்டோ 3 மெட்டோ எனக்குத் தெரியாது. முன்பெல்லாம் ஒற்றைக் காலில் நின்று உடுப்பு மாட்டப் பயப்படுவேன், இப்போது அந்தப் பயம் குறைந்திருக்கிறது. இதற்கு மதிப்பில்லையா?

#16 பிசியோ_அகிலா

நிச்சயம் உண்டு ஐயா. 65 வயதைத் தாண்டியவர்களுக்குச் சமநிலையையும் வலுவையும் வளர்க்கும் பயிற்சி வாரத்தில் மூன்று நாளாவது வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் அதே வழிகாட்டுதல் சொல்கிறது. கீழே விழாமல் இருப்பதற்கு அது அவசியம். அதை மெட் கணக்கால் அளக்க முடியாது. எங்கள் துறையிலும் அந்தப் பலகையைப் பயன்படுத்துகிறவர்கள் உண்டு.

பக்கவாதத்துக்குப் பிறகு கையைப் பழக்க இந்த கேம்கள் எவ்வளவு உதவும் என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்திருக்கிறார்கள். வழக்கமான சிகிச்சையை இவை மிஞ்சவில்லை. ஆனால் வழக்கமான சிகிச்சையோடு கூடுதல் நேரமாகச் சேர்த்தால் பலன் தரக்கூடும் என்று தெரிந்தது. சேர்த்துக்கொள்ளுங்கள், மாற்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஐயா, ஆடும்போது கைக்கெட்டும் தூரத்தில் கனமான நாற்காலி ஒன்று இருக்கட்டும்.

மற்றவர்களுக்கும் ஒன்று. 2007-இல் ஒரு மருத்துவர் வீ டென்னிஸை மணிக்கணக்கில் ஆடி, தோள் தசைநாணில் அழற்சி வந்து, அதை நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் கடிதமாகவே எழுதினார். கையில் பந்தின் எடை இல்லை, மட்டையில் எதுவும் மோதுவதில்லை என்பதால் எவ்வளவு வீசினோம் என்று உடலுக்குத் தெரிவதில்லை. கையைக் கடைசி எல்லை வரை வெடுக்கென்று நீட்டாதீர்கள், முழங்கை மூட்டு பாதிக்கப்படும். ஆரம்பிக்கும் முன் சில நிமிடம் உடம்பைச் சூடாக்குங்கள். வி.ஆர். என்றால் சுற்றிலும் இடம் இருக்கிறதா, குழந்தைகள் யாராவது ஓடி வருவார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

#17 இரும்புத்தோள்

வலுப் பயிற்சியை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். 150 நிமிடத்தோடு முடிவதில்லை, வாரத்தில் இரண்டு நாளாவது பெரிய தசைகளுக்கெல்லாம் வலுப் பயிற்சி வேண்டும். வி.ஆரில் காற்றைக் குத்தினால் தசை வளராது, எதிர்ப்பு வேண்டும்.

ரிங் ஃபிட் வளையத்தில் கொஞ்சம் எதிர்ப்பு இருக்கிறது, ஸ்குவாட், ஒரு காலை முன்னே வைத்து மடக்கும் லஞ்ச் இருக்கின்றன. புதிதாக ஆரம்பிப்பவருக்கு இது போதும். சில மாதத்தில் அதே வளையம் லேசாகிவிடும், வளையத்தின் எதிர்ப்பை ஏற்ற வழியில்லை. முதுகுத் தசைக்கு நன்றாக இழுக்கும் பயிற்சியும் அதில் குறைவு. அப்போது ஒரு ஜோடி டம்பெல், இல்லை நல்ல ரப்பர் பட்டை வாங்கிக்கொள்ளுங்கள். கேமை விட வேண்டாம், பக்கத்தில் இதையும் வையுங்கள்.

#18 மாலைத்தென்றல்

அகிலா மேடம் சொன்னபடி பேசிப் பார்த்தேன். பாதையில் ஓடும் பகுதியில் பேச முடிந்தது, பாட்டு வரவில்லை. பயிற்சி செய்தே எதிரியைத் தாக்கும் சண்டைப் பகுதியில் ஸ்குவாட் தேர்ந்தெடுத்தால் பேச்சே திணறியது, கைப் பயிற்சி மட்டும் தேர்ந்தெடுத்தால் ஒரு பாட்டை முழுதாகப் பாட முடிந்தது. யோகா ஆசனங்களும் அப்படித்தான். இனி ஓட்டம், கால் பயிற்சி நிமிடங்களை மட்டும் நோட்டில் எழுதப் போகிறேன். மீதியை நீட்டி மடக்கும் பயிற்சியாக வைத்துக்கொள்கிறேன். அந்தக் கணக்கில் பார்த்தால் வாரத்துக்கு 150 வரவில்லை, பாதியைக் கொஞ்சம் தாண்டுகிறது. மீதிக்கு, சாப்பிட்ட பிறகு வீட்டைச் சுற்றி வேகமாக நடக்கிறேன். அதற்கு ஜிம்முக்குப் போக வேண்டியதில்லை.

ஒரே ஒரு சிக்கல். நான் இருப்பது மாடியில். ஓடும்போது சத்தம் கேட்கிறது என்று கீழே இருப்பவர்கள் சொல்கிறார்கள். தடிமனான பாய் போட்டும் குறையவில்லை.

#19 ஓட்டக்காரன்

அப்படிக் கழித்துக் கணக்குப் போட்டால் எனக்கு மறுப்பே இல்லை. அந்த நோட்டை உங்கள் தோழியிடமும் காட்டுங்கள். மூன்று மாதம் கழித்து ரத்தப் பரிசோதனை எடுத்தால் இங்கே வந்து எழுதுங்கள், நானும் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறேன்.

#20 சிறுத்தைக்குட்டி

அக்கா, அமைப்புகளில் சத்தமில்லாத முறை என்று ஒன்று இருக்கிறது. அதை இயக்கினால் ஓடுவதற்குப் பதிலாக முழங்காலை மடக்கி மடக்கி எழுந்தால் போதும், திரையில் இருக்கும் கதாபாத்திரம் ஓடும். குதிகால் தரையில் மோதாது. தொடைக்கு இன்னும் கொஞ்சம் வேலைதான். ஆனால் மறுபடியும் பேசிப் பார்த்துவிட்டு நோட்டில் எழுதுங்கள், ஓட்டத்தில் வந்த மூச்சு அதில் வருகிறதா என்று ஆளுக்கு ஆள் மாறும். முழங்கால் வலித்தால் அதிகம் மடக்க வேண்டாம், பாதி மடக்கினாலே சென்சார் எடுத்துக்கொள்ளும்.